நேர்காணல் அறைக்குள் வந்த கோட்டு

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போகும் இளைஞனின் உடை ஏறக்குறைய ஒரு சீருடை. கருநீலத்திலோ கருஞ்சாம்பல் நிறத்திலோ கோட்டும் அதே துணியில் பேன்ட்டும், வெள்ளை அல்லது வெளிர்நீல முழுக்கைச் சட்டை, ஆடம்பரமில்லாத டை, மெருகேற்றிய கறுப்பு ஷூ, ஷூவின் நிறத்திலேயே பெல்ட். அண்ணனிடமிருந்து தம்பிக்கும், முன்னே சேர்ந்தவரிடமிருந்து பின்னே வருபவருக்கும் சொல்லிச் சொல்லியே இந்த வழக்கம் நிலைத்துவிட்டது. இதன் பகுதிகள் எல்லாமே நேர்காணல் என்ற ஏற்பாட்டைவிட மூத்தவை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களுக்காகப் பிறந்து, கடைசியில் ஒரு தேர்வுக் குழுவின் மேசை முன்னால் ஒன்றுசேர்ந்தவை.

மூத்தது கோட்டும் அதன் உள்ளே அணியும் கையில்லாத மேலங்கியும். 1666 அக்டோபரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் பிரெஞ்சு அரசவைப் பகட்டை விட்டுவிட்டு மேலங்கி அணியப்போவதாக அறிவித்தார். சாமுவேல் பெப்பிஸ் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். டை வந்த வழி வேறு. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் கூலிப்படையாக இருந்த குரோஷிய வீரர்கள் கழுத்தில் கட்டிய துணியே அதன் மூலம். அவர்களின் இனப்பெயரே திரிந்து அந்தத் துணிக்குப் பெயராயிற்று. பூவேலை, சரிகை, பொய்முடி எல்லாவற்றையும் உதறி, அடர்நிறக் கோட்டும் தூய வெள்ளைச் சட்டையுமே கனவானின் அடையாளம் என்ற ரசனையை லண்டனில் நிலைநிறுத்தியவர் ஜார்ஜ் பிரம்மல். 1840-இல் இறந்த அவரைப் பணிந்துதான் இன்றைய நேர்காணல் உடையும் பகட்டைத் தவிர்க்கிறது.

ஒரே துணியில் தைத்த குட்டைக் கோட்டும் கால்சட்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தபோது ஓய்வு நேர உடையாகத்தான் வந்தன. வேலைக்கும் விழாவுக்கும் முழங்கால்வரை தொங்கும் நீண்ட கோட்டே மரியாதை. ஆயத்த உடைத் தொழில் வளர்ந்த பிறகு நிலைமை மாறியது. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை 1849-இலேயே தைத்துவைத்த சூட்டை விற்கத் தொடங்கியது. குமாஸ்தாவும் விற்பனையாளரும் முதலாளியின் உடையைப் போன்ற ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த ஓய்வு நேர உடையே அலுவலகத்தின் கட்டாய உடையாகிவிட்டது.

மருத்துவர்களின் கறுப்பு உடைக்கும் இதில் பங்கு உண்டு. பிலடெல்பியாவின் தாமஸ் ஈக்கின்ஸ் 1875-இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் அறுவைச் சிகிச்சை நிபுணர் சாமுவேல் கிராஸும் உதவியாளர்களும் வீதியில் அணியும் கறுப்புக் கோட்டோடே நோயாளியின் தொடையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஓவியர் 1889-இல் டாக்டர் அக்னியூவின் அறுவை அரங்கைத் தீட்டியபோது எல்லோரும் வெள்ளையில் இருக்கிறார்கள். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கிருமிகளைப் பற்றிய அறிவு அறுவை அறைக்குள் வந்துவிட்டது. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை 1867-இல் வெளியிட்டிருந்தார். அதன்பின் வெள்ளைக் கோட்டு மருத்துவமனைக்கு உள்ளே அணிவது, கறுப்புக் கோட்டு வெளியே அணிவது என்று பிரிந்தது. கல்லூரியில் இடம் கேட்டு வருபவன் இன்னும் வெளியே இருப்பவன். அவனுக்கு வெள்ளை இல்லை, அடர்நிறமே. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய வெள்ளைக் கோட்டு அணிவிப்பு விழா இந்தப் பிரிவை ஒரு சடங்காகவே ஆக்கியது. உள்ளே எடுத்துக்கொண்ட பிறகே அந்தக் கோட்டு தோளில் ஏறும்.

இந்தியாவில் அந்நிய அதிகாரியின் முன் போய் நின்றவனுக்கு உடைச் சிக்கல் காலிலும் தலையிலும் இருந்தது. ஆங்கிலேயன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுவான், பூட்ஸைக் கழற்ற மாட்டான். இந்தியனின் மரியாதை நேர்மாறானது. செருப்பு வாசலோடு நிற்கும், தலைப்பாகை தலையிலேயே இருக்கும். ஐரோப்பியப் பூட்ஸ் அணிந்து வந்தால் அதோடு உள்ளே வரலாம் என்று 1854-இல் கவர்னர் ஜெனரல் அரசு ஆணையிட்டது. நாட்டுச் செருப்புக்கு அந்தச் சலுகை இல்லை. ஒருவன் எதை உடுத்துகிறானோ அதற்கேற்ற மரியாதை என்பது இந்தியர்களுக்கு இப்படித்தான் எழுத்திலேயே சொல்லப்பட்டது. 1893-இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னபோது மறுத்து வெளியேறிய இளம் வழக்கறிஞர் காந்தி, அதற்கு ஐந்தாண்டு முன்பு லண்டனில் உயரத் தொப்பியும் பாண்டு தெருவில் தைத்த மாலை நேர உடையும் வாங்கி, கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகியவர். அவரே 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்தார்.

சென்னை மாகாணத்தில் படித்தவர்கள் ஒரு நடுவழியைக் கண்டார்கள். உடலுக்குக் கோட்டு, தலைக்குத் தலைப்பாகை. வக்கீல்களும் கல்லூரி ஆசிரியர்களும் அதிகாரிகளும் பஞ்சகச்சத்தின் மேல் கோட்டு போட்டுக்கொண்டார்கள். கால்சட்டைக்கு மாறியவர்களில் பலர் தலைப்பாகையை மட்டும் விடவில்லை. 1930-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கப் போன சி. வி. ராமனின் தலைப்பாகையும், 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரான ராதாகிருஷ்ணனின் வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட கோட்டும் இந்த வழக்கத்தின் உலகறிந்த உருவங்கள். அடிமைத்தனம் என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமல்ல. இரண்டு சபைகளிலும் நிமிர்ந்து நிற்க விரும்பியவர்கள் கவனமாகத் தேர்ந்த உடை அது.

உடையின் துணை இல்லாமல் வென்ற நேர்காணல் என்று ஒன்றைச் சொல்லலாம். 1910 டிசம்பரில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்க சீனிவாச ராமானுஜன் போனார். மழிக்காத முகம், பருத்த குட்டை உருவம், அழுக்கேறிய உடை, கக்கத்தில் கிழிந்த நோட்டுப் புத்தகம் என்றே ராவ் பின்னாளில் அவரை நினைவுகூர்ந்தார். கண்களின் ஒளி மட்டும் தனியாகத் தெரிந்ததாம். கணிதம் அறிந்த ராவ் பொறுமையாக நோட்டைப் பார்த்தார், மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுக்க முன்வந்தார். அதே ராமானுஜன் 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறும் முன் குடுமியை எடுத்து, கோட்டும் ஷூவும் அணியப் பழக வேண்டியிருந்தது. நெல்லூரில் அவரைச் சோதித்தவருக்கு அவர் கணக்கு புரிந்தது, அதனால் உடை தேவைப்படவில்லை. சோதிப்பவருக்கு ஆளைப் பற்றி வேறெதுவும் தெரியாத இடத்தில்தான் உடை பேசத் தொடங்குகிறது.

தொழிற்கல்லூரி நேர்காணல் பிறந்த கதையும் அதையே காட்டுகிறது. பழைய நாளில் வைத்தியரிடமோ வக்கீலிடமோ தொழில் கற்கச் சேர்ந்தவனைத் தெரிந்த ஒருவர் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தார். அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் பின் விண்ணப்பங்கள் குவிந்தன. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் இடம்பிடித்தார்கள். நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரி 1919 வாக்கில் மதம், தந்தையின் தொழில், புகைப்படம் கேட்கும் விண்ணப்பத்தையும் நேரில் பார்க்கும் முறையையும் கொண்டுவந்தது. மருத்துவக் கல்லூரிகளும் அந்த வழியில் நடந்தன. பண்பு, தோற்றம், பழகும் முறை என்ற பெயரில் யார் நம்மவர், யார் அந்நியர் என்று பிரித்தார்கள். அந்த அறைக்குள் போன ஏழைத் தையல்காரரின் மகனுக்கு அடர்நிறக் கோட்டு ஓர் அலங்காரமல்ல, கவசம். தன்னைப் பற்றிக் கேள்வி எழாமல் இருக்க அவன் போட்டுக்கொண்டது. நேர்காணல் உடையில் எதுவும் கண்ணில் உறுத்தக் கூடாது என்ற விதியின் வேர் இந்த அச்சத்திலும் இருக்கிறது.

1975-இல் ஜான் மொல்லாய் என்ற அமெரிக்கர் இதையெல்லாம் ஒரு கைப்புத்தகமாக எழுதினார். வெற்றிக்காக உடுத்துவது எப்படி என்பதே அதன் பொருள். கறுப்பு மழைக்கோட்டைவிட மணல்நிற மழைக்கோட்டு மேல்வர்க்கத்தைக் காட்டும் என்பதுவரை சோதனை செய்து பார்த்ததாக எழுதினார். புத்தகம் பெருமளவில் விற்றது, அதன் அறிவுரைகள் பெயர் தெரியாமலேயே பரவின. பிரிட்டனில் இன்னும் நுட்பமான வேலிகள் இருந்தன. லண்டன் முதலீட்டு வங்கிகளில் சூட்டுக்குப் பழுப்பு ஷூ அணிந்து வந்த திறமையான இளைஞர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று சமூக ஏற்றத்துக்கான அரசு ஆணையம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. கிராமத்துக்குப் பழுப்பு, நகரத்துக்குக் கறுப்பு என்ற பழைய கனவான் விதி, அதைக் கேள்விப்படாத வீட்டுப் பிள்ளைகளை வடிகட்டியது.

இப்படி வடிகட்டி எடுத்தவர்களாவது சிறந்தவர்களா என்ற கேள்விக்கு ஹூஸ்டனில் தற்செயலாக விடை கிடைத்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அங்குள்ள மருத்துவக் கல்லூரி 1979-இல் 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, 200 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் உத்தரவிட்டது. நேர்காணலுக்கு வந்த 800 பேர் பட்டியலில் அப்போது மிச்சம் இருந்தவர்கள் அடிவரிசையில் இருந்தவர்களே. அவர்களிலிருந்து ஐம்பது பேரைச் சேர்த்தார்கள். படிப்பு முடிந்து பயிற்சிக் காலம்வரை ஒப்பிட்டபோது இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 1987-இல் வெளியான அந்த முடிவு நேர்காணலின் மேல் இருந்த நம்பிக்கையை அசைத்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் பிறகு, ஒரே குழு முன் நெடுநேரம் உட்காரவைப்பதற்குப் பதிலாகப் பல சிறு அறைகளில் பலர் தனித்தனியே மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. ஒருவரின் முதல் பார்வையிலேயே தலைவிதி முடிவாகாமல் இருக்க அது வழி செய்தது.

டைக்கும் சோதனை வந்தது. நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையில் மருத்துவத் துறையினரின் 42 டைகளைச் சோதித்ததில் ஏறக்குறைய பாதியில் நோய்க்கிருமிகள் இருந்தன என்று 2004-இல் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2007-இல் வந்த விதி முழங்கைக்குக் கீழே உடையோ கடிகாரமோ கூடாது என்றது, டையையும் தவிர்க்கச் சொன்னது. வேலையில் கழற்றச் சொல்லும் டையை வேலைக்கான படிப்பில் சேர மட்டும் கட்டிக்கொள்ளும் நிலை அங்கே உருவானது. 2020-இல் கொரோனா காரணமாக அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் நேர்காணல் கணினித் திரைக்கு மாறியபோது ஷூவும் பெல்ட்டும் பார்வையிலிருந்தே மறைந்தன. கோட்டும் டையும் மிஞ்சின.

தமிழ்நாட்டில் இந்தக் கதை நீதிமன்றம்வரை போனது. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு இங்கேயும் நேர்முகத் தேர்வு இருந்தது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தபோது மொத்த மதிப்பெண் 275, அதில் நேர்முகத்துக்கு மட்டும் 75. விளையாட்டு, சமூகப் பணி, உடல்வலிமை, பொதுத் திறன், நாட்டம் என்று தலைப்புகள் இருந்தும், ஒவ்வொருவரிடமும் குழு செலவிட்டது மூன்று நிமிடம் அளவுதான். அந்த மூன்று நிமிடத்தில் ஒருவரின் திறனை அளக்க முடியாது, முதல் பார்வையில் படும் எண்ணமே சிறந்ததாகிவிடாது என்று நீதிபதிகள் சுட்டினார்கள். நேர்முகம் பயனற்றது என்று அவர்கள் தள்ளிவிடவில்லை, 75 மதிப்பெண் அதிகம் என்றார்கள். இது சரியான கணிப்பு. மூன்று நிமிடத்தில் குழுவின் கண்ணில் படுவது சட்டையின் அயர்ன், பேன்ட்டின் தையல், ஆங்கில உச்சரிப்பு இவைதான். இரவல் சட்டையில் வெளியூர் பஸ் ஏறி வந்த பிள்ளைக்கும் கான்வென்ட் பிள்ளைக்கும் இடையிலான தூரத்தை அந்த அறை குறைக்கவில்லை. 1980-இல் வெளியான உச்ச நீதிமன்றத்தின் அஜய் ஹசியா வழக்குத் தீர்ப்பு இன்னும் தெளிவாக, நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது.

எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்ததோடு நேர்முகத் தேர்வின் காலம் முடிந்தது. நுழைவுத் தேர்வும் பின்னர் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கி, இப்போது மருத்துவத்துக்கு நீட் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மட்டும் மாணவர்களைச் சில நாட்கள் தங்கவைத்து, குழுவாகச் செயல்படவிட்டுக் கவனிக்கும் முறையை நீண்டகாலம் வைத்திருந்தது. அந்த முறையை விட மனமில்லாமல் 2017-இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் 99-ஐ நிரப்பாமல் விட்டது.

நேர்முகம் போனாலும் உடைத் தகராறு வேறு வாசல்களில் நின்றது. 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையின் மன்றம் ஒன்று உள்ளே விட மறுத்தது. பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் அதே ஆண்டு நிறைவேற்றியது. தலைமைச் செயலக ஊழியர்களுக்கான 2019 ஆணை, சட்டை பேன்ட்டுக்கு இணையாக வேட்டியையும் ஏற்றுக்கொண்டது. வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதியும் கறுப்புக் கோட்டின் கீழ் வேட்டியை அனுமதிக்கிறது. வெயில் காலத்தில் கீழ் நீதிமன்றங்களில் கோட்டிலிருந்தே விலக்குத் தருகிறது.

இன்று தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வு தரவரிசைப்படி நடக்கிறது. சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள், இடத்தைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். மாணவர் உடுத்தி வரும் உடைக்கு அங்கே மதிப்பெண் இல்லை.