நாணல் சுவரிடம் சொன்ன ரகசியம்

இனயம் கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் நோவாவின் கதை தெரியும். மறைக்கல்வி வகுப்பிலயே கேட்டிருப்போம். அதே கதை விவிலியத்துக்கு முன்னாலயே களிமண்ணில் எழுதப்பட்டிருந்தது என்பது உலகத்துக்குத் தெரிய வந்தது 1872இல்தான்.

இன்றைய ஈராக்கில், நினிவே நகரத்தின் இடிபாடுகளில் அசூர்பனிபால் அரசனின் நூலகம் கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தி எழுதிய ஆப்பெழுத்துப் பலகைகள், உடைந்த துண்டுகளாக லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து அவற்றைப் படித்த ஜார்ஜ் ஸ்மித் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. பண நோட்டு அச்சடிக்கத் தகடு செதுக்கும் தொழிலாளியாக இருந்தவர். ஒரு துண்டில், மலையில் தட்டி நின்ற கப்பலையும் அதிலிருந்து பறக்கவிடப்பட்ட புறாவையும் அவர் கண்டார். அது கில்காமெஷ் காவியத்தின் 11ஆம் பலகை.

அதைவிடப் பழைய வடிவம் அத்ரஹாசிஸ் கதை. அதன் பிரதிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. இங்கே வெள்ளம் வரக் காரணம் மனிதரின் பாவம் இல்லை, சத்தம். ஜனங்கள் பெருகிப் போட்ட இரைச்சலில் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் வரலை. முதலில் நோயை அனுப்பினார், பிறகு பஞ்சத்தை, கடைசியில் வெள்ளத்தை. மனிதருக்கு இதைச் சொல்லக் கூடாது என்று தெய்வங்கள் சத்தியம் செய்துகொண்டன.

என்கி தெய்வத்துக்கு மனசு கேட்கலை. சத்தியத்தையும் மீற முடியாது. அதனால் அவர் மனிதனிடம் பேசாமல் அவன் குடிசையின் நாணல் சுவரிடம் பேசினார்: வீட்டைப் பிரி, படகு கட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கேட்டுக்கொண்டான்.

அந்தப் படகு வட்டமானது என்கிறது 2014இல் இர்விங் ஃபிங்கல் வெளியிட்ட இன்னொரு பலகை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடைந்து, கீல் பூசி, ஒரு பெரிய பரிசல் போலக் கட்டச் சொல்கிறது. பலகையில் உள்ள கணக்கைக் குறுக்கி அப்படி ஒன்றைக் கட்டியும் பார்த்தார்கள். எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்தில், கேரளத்தில். மிதந்தது, கொஞ்சம் ஒழுகவும் செய்தது.

நோவாவின் கதையில் எச்சரிப்பது கடவுளே. இங்கே எச்சரிக்கை என்பது கசிந்து வரும் ரகசியம். யார் காதில் விழுகிறதோ அவன் குடும்பம் பிழைக்கும். மற்றவர்கள்? கில்காமெஷில் வெள்ளத்தைப் பார்த்து இஷ்தார் தெய்வம் பிள்ளை பெறுகிறவளைப் போல அலறுகிறாள். தன் மக்கள் மீன்குஞ்சுகளாகக் கடலை நிறைத்துக் கிடக்கிறார்களே என்று. கடற்கரைக்காரர்களால் இந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியாது.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்தார்கள். கரையில் அறிவிப்பு வந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய தூரத்துக்குப் படகு வயர்லெஸ் எட்டாது. போனவர்களில் பலர் திரும்பலை. அதற்குப் பிறகு, 2019இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. அதில் செய்தி வரும். திரும்பக் கூப்பிட முடியாது. அதுவும் ஒரு நாணல் சுவர்தான்.

வெள்ளம் வடிந்ததும் ஒருவன் உயிரோடு இருப்பதைப் பார்த்து என்லில் கோபப்படுகிறார். யார் சொன்னது என்று விசாரணை நடக்கிறது. கில்காமெஷில் அந்த நேரம் இயா (என்கிக்கு அங்கே அதுதான் பெயர்) பயப்படாமல் திருப்பிக் கேட்கிறார்: குற்றம் செய்தவனைத் தண்டி, யோசிக்காமல் எல்லாரையும் எப்படி மூழ்கடிக்கலாம்? அவரை மறுத்துப் பேச யாரும் இல்லை. என்லில் படகில் ஏறி, பிழைத்தவனையும் அவன் மனைவியையும் முழந்தாளிடச் செய்து, நெற்றியைத் தொட்டு ஆசி கொடுக்கிறார்.

செத்தவர்களைப் பற்றி அந்த விசாரணையில் வேறு பேச்சு இல்லை.