மணலில் தொடங்கிய எழுத்து

விளையாட்டின் வழியே எழுத்தறிவித்தல் என்றதும், அது மேலைநாட்டார் நமக்கு அளித்த கொடை என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு சற்று வேறுவிதமாக இருக்கிறது.

நம் திண்ணைப் பள்ளிகளில் குழந்தையின் கையில் முதலிலேயே ஓலையையும் எழுத்தாணியையும் கொடுத்துவிடுவதில்லை. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்குவர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை எழுத்தை உரக்கச் சொல்ல, இளையோர் தாமும் சொல்லிக்கொண்டே எழுதுவர். ஓலையில் கீறிய பிழை நின்றுவிடும். மணலிலோ உள்ளங்கையால் தடவினால் மறைந்துவிடும். மணலளைதல் குழந்தைக்கு இயல்பான விளையாட்டு. அதுவே கல்வியின் முதற்படியாயிற்று.

1789இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் இம்முறையைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கப் பணித்தபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார், அம்முயற்சி பலித்தது. 1797இல் இலண்டனில் அவர் நூலாக வெளியிட்ட அம்முறை, 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. மணல் பரப்பிய அதே திண்ணையில்தான் பிரம்பும் கோதண்டமும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்குழந்தைகளுக்கும் அங்கே இடமில்லை. விளையாட்டு இருந்தது; அதில் சேரும் உரிமை எல்லார்க்கும் இருக்கவில்லை.

அவ்வுரிமை பரவ நெடுங்காலம் ஆயிற்று. ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி, சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளை உருவாக்கியது. குழந்தை தன் வேகத்தில் படிப்படியாக ஏறிச்செல்லும் ஏணியாக அவை அமைந்தன. அதன் தாக்கத்தால் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழகச் சிற்றூர்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திற்கு இறங்கிவந்தது. எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். பழைய மணலின் மறுபிறவி அது என்பேன். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தி, ஆடலும் பாடலும் கொண்டே கற்பிக்க முனைந்தது.

ஆயினும் அட்டைகளும் ஏணிகளும் கருவிகளே. ஆசிரியரின் பொழுதெல்லாம் பதிவேடு நிரப்புவதில் கழியுமானால், அட்டையும் மற்றொரு பாடநூலாகிவிடும். என் வகுப்பிற்கு வரும் முதல் தலைமுறை மாணவர் சிலர், பிழை நேருமோ என்றஞ்சி வெற்றுத்தாளையே நீட்டுகின்றனர். அவர்களைக் காணுந்தோறும் ஒன்று தோன்றுகிறது. ஐந்து வயதில் இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது எழுத்து மட்டுமன்று. எழுதியதை அஞ்சாமல் அழித்து மீண்டும் எழுதும் உரிமையுமாகும். அதை வழங்குவதே விளையாட்டுமுறையின் உயிர்.