ஷிண்ட்லரின் பட்டியலை டைப் செய்தது யார்?

இன்னைக்கு 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. 1993-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 7 ஆஸ்கர் வாங்கியது. இன்னும் பார்க்காதவங்க முதல்ல பார்த்துட்டு வாங்க, இந்த எபிசோட் எங்கேயும் ஓடிப்போயிடாது.

படத்தில் யாராலும் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. ராத்திரி நேரம், ஒரு டைப்ரைட்டர். ஷிண்ட்லர் யோசித்து யோசித்துப் பெயர்களைச் சொல்கிறார், கணக்காளர் ஸ்டெர்ன் டைப் செய்கிறார். பட்டியலில் பெயர் இருந்தால் ஷிண்ட்லரின் புது தொழிற்சாலைக்குப் போகலாம், பிழைக்கலாம். இல்லைன்னா பெரும்பாலும் சாவுதான்.

அந்தக் காட்சி அப்படி நடக்கவே இல்லை. ஷிண்ட்லரைப் பற்றி 2004-ல் பெரிய புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர் டேவிட் க்ரோ சொல்வதைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். பட்டியல் தயாரான சமயத்தில் ஷிண்ட்லரே கைதாகி உள்ளே இருந்தார். முகாம் தளபதி ஆமன் கோத் மீதான ஊழல் விசாரணையில் இவரையும் பிடித்திருந்தார்கள். பட்டியலைக் கையில் வைத்திருந்தவர் மார்செல் கோல்ட்பெர்க் என்ற எழுத்தர், அவரும் ஒரு யூதக் கைதி. காசும் நகையும் வாங்கிக்கொண்டு பெயர் சேர்த்தார், அதற்காகச் சில பெயர்களை வெட்டினார் என்று பிழைத்தவர்கள் பலர் கசப்போடு சொல்லியிருக்கிறார்கள். எண்ணிக்கை 1,000 என்று முடிவானது: 700 ஆண்கள், 300 பெண்கள். உள்ளே ஒருத்தர் வந்தால் வெளியே ஒருத்தர் போகணும். படம் இந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஆனா எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. பட்டியல் போடும் அளவுக்கு அங்கே ஆட்கள் எப்படி மிஞ்சினாங்க?

இங்கேதான் மீடெக் பெம்பர் வருகிறார். படத்தின் ஸ்டெர்ன் ஒரு ஆள் இல்லை, மூணு பேர். நிஜமான இட்சாக் ஸ்டெர்ன், ஷிண்ட்லரின் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையை உண்மையில் ஓட்டிய ஆபிரஹாம் பங்கியர், பிறகு பெம்பர். மூன்று மணி நேரப் படத்துக்கு அது வசதி, புரியுது.

பெம்பர் 1920-ல் கிராக்கோவில் பிறந்தவர். ஜெர்மனும் போலிஷும் சரளம், சுருக்கெழுத்தும் தெரியும். 1943-ல் பிளாஷோவ் முகாமில் கோத் அவரைத் தன் ஸ்டெனோவாக வைத்துக்கொண்டான். காலையில் மாடியிலிருந்து துப்பாக்கியால் கைதிகளைச் சுடுகிறானே படத்தில், அதே கோத். அவன் எதிரே உட்கார்ந்து தினமும் கடிதம் எழுதும் வேலை. 23 வயசு. நம்ம டீமில் புதுசா சேர்கிற பையன் வயசு.

ரகசியக் கடிதங்களை டைப் செய்யத் தனியாக ஒரு ஜெர்மன் பெண் இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் அவருக்குப் புது கார்பன் பேப்பர் கிடைக்கும்படி பெம்பர் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு முறை பயன்பட்ட கார்பனில் எழுத்து தலைகீழாக, ஆனால் தெளிவாக இருக்கும். அதைப் படித்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டதாகத் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார்.

அப்படித் தெரிந்துகொண்டது இது: போருக்கு நேரடியாகத் தேவையான பொருள் செய்யும் முகாம்கள் மட்டுமே நீடிக்கும், மற்றவை மூடப்படும். மூடினால் உள்ளே இருப்பவர்கள் கதி என்னன்னு சொல்லத் தேவையில்லை. பிளாஷோவில் தையல், தச்சு, அச்சு வேலைதான் அதிகம். ஷிண்ட்லர் செய்ததோ சட்டி பானை. பானை மட்டும் போதாது, ஆயுத உற்பத்தியும் வேணும் என்ற செய்தி பெம்பர், ஸ்டெர்ன் வழியாக ஷிண்ட்லருக்குப் போனது. மேலிடம் முகாமின் உற்பத்தித் திறன் பற்றி அறிக்கை கேட்டபோது, பெம்பர் எண்களை ஊதிப் பெருக்கி அட்டவணை போட்டார். எஸ்டிமேட்டில் பஃபர் வைப்பது நமக்குப் பழக்கம்தான். இங்கே மாட்டினால் தலையில் குண்டு. 1944 ஜனவரியில் பிளாஷோவ் அதிகாரபூர்வ வதைமுகாமாக மாற்றப்பட்டது. கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் அந்த மாற்றத்தால்தான் முகாம் அப்போதே கலைக்கப்படாமல் தப்பியது. 20,000-க்கும் அதிகமானவர்கள் ஒரு கட்டத்தில் அங்கே இருந்தார்கள்.

இதனால் ஷிண்ட்லர் சின்ன ஆளாகிவிடவில்லை. நாஜிக் கட்சி உறுப்பினர், உளவாளி, லாபத்துக்காகக் கிராக்கோ வந்தவர். அவர் காசைக் கரைக்கவில்லை என்றால், லஞ்சம் கொடுத்து அதிகாரிகளைப் பிடிக்கவில்லை என்றால், பெம்பரின் தகவல் வெறும் தகவல்தான். பெண்களை ஏற்றிய ரயில் ஆஷ்விட்சுக்குப் போனது நிஜம், அவர்கள் அங்கிருந்து திரும்பி வந்ததும் நிஜம். ஆனால் காப்பாற்றியவர், காப்பாற்றப்பட்டவர்கள் என்று கோடு போட்டுப் பார்க்கும்போது, அந்தக் கைதிகள் தங்களுக்காகச் செய்துகொண்ட வேலை கண்ணில் படாமல் போகிறது. படத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை இதுதான்.

1946-ல் கிராக்கோவில் கோத் மீது வழக்கு நடந்தது. முக்கிய சாட்சி அவனுடைய பழைய ஸ்டெனோ. எந்தக் கடிதம் எங்கே போனது என்று பெம்பருக்கு மனப்பாடம். செப்டம்பர் 13 அன்று கோத்தைத் தூக்கிலிட்டார்கள்.

பெம்பர் பிறகு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் குடியேறி, 2011-ல் இறந்தார். ஸ்பீல்பெர்க் படம் எடுத்தபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.