சூல்வயிற்றின் அளவு: கண்கணிப்பும் டேப்பும்

வளைகாப்புக்கு வந்த பெண்கள் சூலியின் வயிற்றைப் பார்த்துச் சொல்பவை பெரும்பாலும் இரண்டு. “வயிறு கூரா இருக்கு, பையன்தான்” என்பது ஒன்று. “எட்டாம் மாசம்னு சொல்றீங்க, வயிறே தெரியலையே” என்பது மற்றொன்று. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஊர்களிலும் கேட்கிற இந்தப் பேச்சுகளில் முதலாவதை ஆய்வே தள்ளிவிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 104 கர்ப்பிணிகளிடம் சோதித்து 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், வயிற்றின் வடிவத்துக்கும் குழந்தையின் பாலுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. கருவின் பாலைக் கண்டு சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கும் நாட்டில், பெண் சிசுவின் மேல் விழும் ஏமாற்றத்தை இந்தக் கணிப்பு பிறப்புக்கு முன்பே தொடங்கிவைக்கிறது.

இரண்டாவது பேச்சை அப்படித் தள்ளிவிட முடியாது.

தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு வயிற்றுத் தசை இறுகியிருப்பதால் வயிறு அடக்கமாகத் தெரியும். இரண்டு பெற்றவளுக்கு அது தளர்ந்து முன்தள்ளும். உயரமானவளின் உடலில் கருப்பை மேல்நோக்கி வளர இடமுண்டு. குட்டையானவளுக்கு அது முன்னால்தான் வரவேண்டும். குழந்தை குறுக்கே கிடந்தால் வயிறு அகன்று காணும். பனிக்குட நீர் கூடினாலும் குறைந்தாலும், இரட்டைக் கரு இருந்தாலும், கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் தோற்றம் மாறும். இத்தனை காரணங்களையும் கண்ணால் பிரித்தறிய இயலாது.

அதனால்தான் செவிலியர் டேப் எடுக்கிறார். இந்தியச் செவிலியர் பயிற்சியின்படி கருப்பையின் மேல்முகடு 12-ஆம் வாரத்தில் பூப்பெலும்புக்குச் சற்று மேலே கைக்குத் தட்டுப்படும். 24-இல் தொப்புளை எட்டும். 36-இல் நெஞ்செலும்பின் கீழ்முனையைத் தொடும். பிறகு தலை இறங்க, முகடும் தாழும். “வயிறு இறங்கிருச்சு” என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான், அது சரியான கவனிப்பு. 24 வாரத்துக்குப் பின் பூப்பெலும்பிலிருந்து முகடு வரையிலான சென்டிமீட்டர் கணக்கு, வாரக் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துவரும். எனினும் 2015-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, கையால் தொட்டுப் பார்ப்பதைவிட டேப் மேலானது என்று சொல்லப் போதிய சான்றில்லை என்றது. 2016-இல் நாக்பூர் உள்ளிட்ட எட்டு நாட்டு ஊர்களின் தாய்மார்களைக் கொண்டு இந்த அளவுக்கான பன்னாட்டு அளவுகோல் ஒன்று வெளியானது. ஒருமுறை எடுத்த அளவு அதிகம் சொல்லாது. வாரங்கள்தோறும் அளவு ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்பதே செய்தி. நின்றுவிட்டால் ஸ்கேன் அவசியம்.

அந்த அளவுகளின் தொடர்ச்சிதான் இந்த வட்டாரத்தில் எளிதில் அறுகிறது. திருவள்ளூரின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வருகின்றன. வேலை கோடையோடு முடியும், மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். கர்ப்பகாலமோ ஒன்பது மாதம். ஒரே கருவின் பாதிக் கணக்கு அங்கே, மீதி இங்கே என்று ஆகிவிடுகிறது. கடைசி மாதவிலக்கு நாளும் நினைவில் இல்லையென்றால், 27 சென்டிமீட்டர் என்ற அளவை எந்த வாரத்தோடு ஒப்பிடுவது?

இங்கே வயிறு சிறுத்திருக்க மெய்யான காரணங்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுத் தாய்மார் 1,285 பேரைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்டதன்படி, காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது. தனியாகப் பார்த்தால் இது சிறிய இழப்பு. புகையும் தூசும் பல மடங்கு கூடும் சூளையருகே அப்படிக் கருத முடியாது. ஆபத்து எடையோடு நிற்பதும் இல்லை: அதே நிறுவனம் 800 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு, வெயிலிலும் அனலிலும் உழைக்கும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் இரட்டிப்பாவதைக் காட்டியது.

ஆகவே சூளைக்கு ஆள் சேர்க்கும்போதே, ஒடிசாவில் எடுத்த முதல் மூன்று மாத ஸ்கேன் தாளையும் தாய் சேய் அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொல்லும் கடமையைச் சூளை முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் தொழிலாளர் துறை விதிக்க வேண்டும். இங்கே எடுக்கும் அளவுகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் அதே அட்டையில், வாரமும் சென்டிமீட்டரும் எண்களாகத் தெரியும்படி தொடர்ந்து எழுத வேண்டும்.