இன்ஜின் மாறிய பம்ப்

1994 மாடலில் டாட்ஜ் ராம் பிக்கப் புது உடலோடு வந்தது. அதன் போனட்டைத் திறந்து, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜினின் இடப்பக்கத்தைப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு கனத்த பம்ப் தெரியும். தலையில் வரிசையாக ஆறு டெலிவரி வால்வுகள், அவற்றிலிருந்து கிளம்பி ஆறு சிலிண்டர்களுக்கும் போகும் இரும்புக் குழாய்கள், பின்கோடியில் புடைத்து நிற்கும் கவர்னர். பாஷ் நிறுவனத்தின் பி7100 அது. அமெரிக்க டீசல் மெக்கானிக்குகள் சுருக்கமாக 'பி-பம்ப்' என்பார்கள். இந்த வண்டிகளில் அதற்குக் கிடைத்த வேலை நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல்தான். 1998இன் நடுவில் அதன் இடத்தை எலக்ட்ரானிக் பம்ப் எடுத்துக்கொண்டது. ஆனால் வெளியே போன பம்ப், தன்னை வெளியேற்றிய அதே புது இன்ஜினுக்குள் வேறு வழியாகத் திரும்பி வந்தது. இந்தக் கட்டுரை அந்தத் திரும்பி வந்த வழியைப் பற்றியது.

முதலில் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பம்பின் அடியில் ஒரு கேம்ஷாஃப்ட். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. அதன் மேல் ஆறு எலிமென்ட்கள். நம் ஊர் டீசல் பம்ப் சர்வீஸ் கடைகளில் பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் பேரலும் சேர்ந்த ஜோடியை எலிமென்ட் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். சீல், வாஷர் எதுவும் கிடையாது. அந்த நெருக்கமே ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி என்பதால் ஒரு பிளஞ்சரை எடுத்து வேறு பேரலில் போட முடியாது.

பிளஞ்சர் ஏறும் உயரம் எப்போதும் ஒன்றேதான். அப்படியானால் டீசலை எப்படிக் கூட்டுவது, குறைப்பது? பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டு பேரலின் துளையைத் தொட்டதும் அழுத்தம் விடுபட்டு, நாசிலுக்குப் போகும் டீசல் நின்றுவிடும். பிளஞ்சரை இந்தப் பக்கம் கொஞ்சம் திருகினால் வெட்டு சீக்கிரம் வந்து தொடும், டீசல் குறையும். அந்தப் பக்கம் திருகினால் தாமதமாகத் தொடும், டீசல் கூடும். ஆறு பிளஞ்சர்களையும் ஒரே நேரத்தில் திருகுவது ராக் எனப்படும் நீளக் கம்பி. ராக்கை நகர்த்துவது கவர்னர். வேகம் கூடக் கூட விரியும் எடைகள், அவற்றை எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். மேலே ஒரு டயாஃப்ரம் உண்டு. டர்போ காற்று போதிய அளவு வராமல் டீசல் அதிகம் போய்விடாதபடி அது ராக்கைத் தடுத்து வைக்கும். ஒரு கம்பியின் நகர்வில் முழு இன்ஜினின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. மனிதர் செய்த இயந்திரங்களில் இவ்வளவு தெளிவாகப் படிக்கக்கூடியவை சிலவே என்று நான் நினைக்கிறேன்.

ராபர்ட் பாஷ் டீசல் பம்பில் கை வைத்தது 1922இல். 1927இல் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. அந்த வம்சத்தின் முதிர்ந்த வடிவங்களில் ஒன்று பி7100. நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியமல்ல. 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைகோ இதே வரிசை பம்புகளை இந்திய லாரிகளுக்குச் செய்து தந்தது. கம்மின்ஸின் இந்த 5.9 லிட்டர் இன்ஜினும் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் வழியாக டாடா லாரிகளில் ஏறியது. ஆகவே ராக், கவர்னர், எலிமென்ட் என்று சொன்னால் நாமக்கல்லில் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

பி-பம்ப் ஏன் போனது? 1998இலிருந்து அமெரிக்காவில் கனரக டீசல் இன்ஜின்கள் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு 5 கிராமிலிருந்து 4 கிராமாக இறங்கியது. சிலிண்டருக்குள் வெப்பம் ஏற ஏற இந்த வாயு கூடும். டீசலைச் சற்றுத் தாமதமாகத் தெளித்தால் குறையும். ஆனால் எப்போதும் தாமதித்தால் டீசல் செலவும் புகையும் ஏறும். எப்போது முந்துவது, எப்போது பிந்துவது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்க வேண்டும். பி7100க்கு அந்தத் திறமை இல்லை. பூட்டியபோது வைத்த டைமிங்தான் அதற்குக் கடைசி வரை. அந்த இடத்துக்கு வந்தது பாஷின் விபி44. தலையில் தனிக் கணினி, உள்ளே சுழலும் ஒரே தலைப்பகுதி, ஒரு சோலனாய்டு வால்வு. அது மூடித் திறக்கும் கணத்தில் அளவு தீர்மானமாகும். கூடவே இன்ஜின் தலையும் மாறியது. சிலிண்டருக்கு இரண்டாக இருந்த வால்வு நான்கானது. சாய்ந்து நின்ற நாசில் நடு மையத்தில் நிமிர்ந்து நின்றது. மேனுவல் கியர் வண்டியின் சக்தி 215 குதிரைத்திறனிலிருந்து 235க்கு ஏறியது. காகிதத்தில் எல்லாம் முன்னேற்றம். அந்த 24 வால்வுத் தலை உண்மையிலேயே நல்ல தலை, அதைச் சொல்லியாக வேண்டும்.

விபி44இன் பலவீனம் அது எதை நம்பி வாழ்கிறது என்பதில் இருந்தது. பி-பம்பின் அடிப்பகுதி இன்ஜின் ஆயிலில் குளிக்கும். விபி44க்கு மசகும் டீசல்தான், குளிர்ச்சியும் டீசல்தான். அந்த டீசலைக் கொண்டுவந்து தர வேண்டிய மின்சார லிஃப்ட் பம்பை டாங்குக்குப் பக்கத்தில் வைக்காமல் இன்ஜின் பிளாக்கிலேயே மாட்டிவிட்டார்கள். தூரத்திலிருந்து உறிஞ்சி உறிஞ்சிச் சோர்ந்து அது சத்தமில்லாமல் செத்துப்போகும். ஓட்டுபவருக்குத் தெரியாது, வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். டீசல் வரத்து குறைந்த விபி44 உள்ளே தேயும், மேலே இருக்கும் கணினிப் பலகை சூடேறும். ஒருநாள் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பதில் வராது. அல்லது டாஷ்போர்டில் விளக்கு எரிந்து பி0216 என்ற பழுதுக் குறி தெரியும். சொன்ன நேரத்துக்கு டைமிங்கை நகர்த்தப் பம்பால் முடியவில்லை என்பது அதன் பொருள். சாலையோரத்தில் நின்று அதற்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பம்பையே மாற்ற வேண்டும். மாற்றும்போது லிஃப்ட் பம்பைக் கவனிக்காவிட்டால் புதுப் பம்பும் அதே வழியில் போகும்.

இப்படி இரண்டாவது, மூன்றாவது விபி44ஐ வாங்கிக் களைத்தவர்கள் பழைய பம்பை நினைத்தார்கள். வயல் டிராக்டர்களுக்கு நடக்கும் இழுவைப் போட்டிபோலப் பிக்கப்களுக்கும் நடத்தும் போட்டிக்காரர்கள் அவர்களுக்கும் முன்பே நினைத்திருந்தார்கள். விபி44 தரக்கூடிய டீசலுக்கு மேல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பழைய பம்ப் கிடைக்கும் இடம் பெரும்பாலும் உடைப்புக் கிடங்கு. 1994 முதல் 1998 வரை வந்த ராம் வண்டிகளின் உடல் துருப்பிடிக்கும், டாஷ்போர்டு வெடித்துத் துண்டு துண்டாக உதிரும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கைவிடும். இன்ஜினும் பம்பும் மட்டும் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும். அவற்றிலும் வகை பார்த்துத்தான் எடுப்பார்கள். 1996இலிருந்து மேனுவல் கியர் வண்டிக்கு வந்த 215 குதிரைத்திறன் பம்புக்குத்தான் கிராக்கி. முந்தைய 160 குதிரைத்திறன் பம்பும் வெளியே பார்க்க அதேபோலத்தான் இருக்கும், எலிமென்ட்களும் அதே 12 மில்லிமீட்டர் வகைதான், அதனால் கவனமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கழற்றிய பம்பைக் கழுவி அப்படியே மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓடவிட்டு, ஆறு வாய்களிலிருந்தும் ஒரே அளவு டீசல் வருகிறதா என்று கண்ணாடிக் குழாய்களில் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அது இன்னொரு இன்ஜினுக்குப் போக வேண்டும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாகப் போனால் அந்த ஒரு பிஸ்டன் உருகிப்போகலாம்.

புது வீட்டில் அது நேராக உட்காராது. விபி44 மாட்டும் முன்பக்க கியர் உறையின் வாய் வேறு, போல்ட் துளைகள் வேறு. அதனால் 12 வால்வு இன்ஜினின் கியர் உறையும் மூடியும் பம்போடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். அதற்காக இன்ஜினின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பம்பின் பின்கோடியைத் தாங்க பிராக்கெட் வேண்டும். ஆறு இஞ்செக்‌ஷன் குழாய்களும் புதிதாக வளைக்கப்பட வேண்டும். பழையவை நீளத்திலும் வளைவிலும் எதற்கும் பொருந்தாது. டெலிவரி வால்வின் நட் ஒரு பக்கம், 24 வால்வுத் தலையின் பக்கவாட்டு நுழைவாய் மறுபக்கம், இரண்டுக்கும் ஏற்ற குழாய் தொழிற்சாலையிலிருந்து வந்த எந்த ராமிலும் கிடையாது. பம்பின் கேம்ஷாஃப்டுக்கு இன்ஜின் ஆயில் போக ஒரு மெல்லிய குழாய் இழுக்க வேண்டும். இதை மறந்தால் பம்ப் உள்ளே இறுகிவிடும்.

டீசல் வரத்து இன்னொரு சிக்கல். பழைய இன்ஜினின் லிஃப்ட் பம்பை இன்ஜின் கேம்ஷாஃப்டே தள்ளியது. 24 வால்வு இன்ஜினில் அதற்கான ஏற்பாடு இல்லை. விபி44க்கு 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும், பி-பம்ப் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். வலுவான மின்சாரப் பம்பை ஃபிரேமில், டாங்குக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். விபி44க்கு ஆரம்பத்திலேயே இப்படி ஒன்று கிடைத்திருந்தால் இந்தப் பயணத்தில் பாதி நடந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

இன்ஜினை நிறுத்துவதற்கும் தனி வழி செய்ய வேண்டும். விபி44 கணினி சொன்னால் நின்றுவிடும். பி-பம்புக்குச் சாவியைத் திருப்பியது தெரியாது. ராக்கை யாராவது பூஜ்யத்துக்கு இழுக்கும் வரை அது டீசல் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் அதைப் பார்த்துக்கொண்டது ஒரு சோலனாய்டு: மின்சாரம் இருக்கும் வரை ராக்கை ஓட்ட நிலையில் விட்டுவைக்கும், சாவியை அணைத்தால் கைவிட்டுவிடும். அதில் இரண்டு சுருள்கள்: இழுக்க ஒன்று, பிடித்து வைக்க ஒன்று. இழுக்கும் சுருளுக்கு மிகுந்த மின்சாரம் சில நொடிகளுக்கு மட்டும் போக வேண்டும், தொடர்ந்து போனால் கருகும். புது வண்டியின் வயரிங்கில் இதற்கு இடமில்லாததால் தனி ரிலே வைத்துக் கட்ட வேண்டும். மிதிக்கும் பெடலிலிருந்து சென்சாருக்குப் போன இணைப்பு இப்போது கேபிளாகப் பம்பின் லிவரைப் பிடிக்க வேண்டும். ஆனால் சென்சாரைத் தூக்கி எறியவும் முடியாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சில முடிவுகள் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. பேட்டரி சார்ஜ், ஆர்பிஎம் முள், குரூஸ் கன்ட்ரோல் ஆகியவையும் கணினிகளை நம்பியவை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் வேலை பறிபோன பிறகும், இந்தச் சில்லறை வேலைகளுக்காகவே பலர் பழைய கணினியை வண்டியில் விட்டுவைக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது டைமிங். விபி44இன் ஷாஃப்டில் கியர் உட்கார ஒரு சாவித்துண்டு உண்டு. பம்புக்கேற்ற எண் குத்தியது, வேறு எண் போடக் கூடாது. பி-பம்பில் அப்படி எதுவும் இல்லை. கூம்பு வடிவ ஷாஃப்ட், அதன் மேல் கியர், நட். உராய்வு ஒன்றே பிடித்து வைக்கிறது. முதல் சிலிண்டரை மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, முதல் டெலிவரி வால்வைக் கழற்றி, டயல் கேஜை இறக்கி, பிளஞ்சர் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று படித்து, அதிலிருந்து டிகிரியைக் கணக்கிட வேண்டும். வேண்டிய இடத்தில் பம்பை நிறுத்திக் கியரை இறுக்க வேண்டும். அதற்கு முன் கூம்பையும் கியரின் துளையையும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பசை இருந்தால் 144 அடி-பவுண்டு முறுக்கில் இறுக்கிய நட்டும் உதவாது, ஓட்டத்தில் கியர் நழுவி டைமிங் ஓடிவிடும். பம்பைப் பூட்டி வைத்த டைமிங் பின்னை ஸ்டார்ட் செய்வதற்கு முன் வெளியே எடுக்க வேண்டும். மறந்தால் முதல் சுற்றிலேயே அது முறிந்து கவர்னருக்குள் விழும்.

பிறகு ஏர் எடுப்பது. குழாய்களின் நட்டைத் தளர்த்தி, ஸ்டார்டரைச் சுற்றி, குமிழி நின்று டீசல் மட்டும் கசியும் வரை காத்திருந்து இறுக்கினால் இன்ஜின் ஒவ்வொரு சிலிண்டராக விழித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் சில ஆயிரம் டாலர்கள் ஆகும். கிடைப்பது, எந்தக் குறியும் காட்டாமல் பல லட்சம் மைல் ஓடக்கூடிய பம்ப். கோளாறு வந்தாலும் ஸ்பேனரும் காதும் கொண்டு கண்டுபிடிக்கக்கூடிய பம்ப். இழப்பது, நேரத்துக்கு ஏற்ப நகரும் டைமிங். குளிர்காலக் காலையில் இன்ஜின் வெள்ளைப் புகை விட்டுத் தடுமாறும். சுமையோடு மேடேறும்போதும் சும்மா நிற்கும்போதும் ஒரே டைமிங்தான். கூடவே சட்டம் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. முந்தைய பத்தாண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் அப்படிக் கை வைத்திருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை பிந்தைய வண்டிகளின் ஃபில்டர்களைப் பிடுங்கியவை. பம்ப் மாற்றம் அதில் சிறு ஓரம். ஆனாலும் டீசல் புகையைச் சுவாசிப்பவர் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பி-பம்பின் மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன்: பண்ணையிலும் போட்டித் திடலிலும் இந்த மாற்றத்துக்கு நியாயம் இருக்கிறது. ஊர்ச் சாலையில் தினம் ஓடும் வண்டிக்கு நல்ல லிஃப்ட் பம்பும், டாஷ்போர்டில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜும், சரியாகச் செப்பனிட்ட விபி44உமே பொருந்தும்.

கழற்றிய விபி44உம் குப்பைக்குப் போவதில்லை. புதுப்பிக்கும் பட்டறைகள் பழைய பம்பைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கின்றன. அங்கே பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, கணினிப் பலகையைச் சோதித்து, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து, இன்னும் எலக்ட்ரானிக்காகவே ஓடும் வேறொரு ராமுக்கு அதை அனுப்பிவைக்கிறார்கள்.