கொள்ளைநோயும் போரும் கடந்து வந்த ஒரு சிறு சபை

ஜவளகிரி என்றதும் நம்மில் பலருக்கு யானைதான் ஞாபகம் வரும். தளியைத் தாண்டினால் காடு. காட்டைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே டீக்கடையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். எல்லை என்பது அரசாங்கத்துக்குத்தான் கோடு. சந்தைக்குப் போகிறவனுக்கும், மேய்ச்சலுக்குப் போகிற மாட்டுக்கும், வழி தேடி வருகிற யானைக்கும் அது கிடையாது. நோய்க்கும் கிடையாது. இந்தக் கட்டுரை அந்த நோயிலிருந்துதான் தொடங்குகிறது.

அன்பு நண்பர்களே! சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். சோழர், பாண்டியர் என்று எழுதிவிட்டால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் நம்ம பக்கத்து வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? கஷ்டகாலத்தில் ஒரு சபை, ஒரு ஐக்கியம் என்பது மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதைக் கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு நிஜக் கதையை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது பிரசங்கம் அல்ல!

முதலில் ஒரு விஷயம். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில் இருந்தன. தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004-ல். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சேலம் ஜில்லா பட்ட பாட்டை ஜனக்கணக்கே சொல்லும். 1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் 16 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்து போயிற்று. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்திலும் இதே கதைதான். பிற்பாடு திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் சின்ன ரயில் போட்டார்களே, அதுவே பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோகத்தான். (அந்தத் தண்டவாளங்களையும் பிறகு பிடுங்கிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.)

பஞ்சம் முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. 1895-ல் தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்கள் ஏற்கெனவே லைப்சிக் மிஷன் சார்பில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள், தமிழ் தெரிந்தவர்கள். வேதாகமத்தைப் பற்றிய கொள்கைத் தகராறில் 1893-ல் அந்த மிஷனை விட்டுப் பிரிந்தார்கள். அமெரிக்காவில் இருந்த மிசூரி சினாட் என்ற லுத்தரன் சபை அப்போது வெளிநாட்டு ஊழியம் தொடங்க இடம் தேடிக்கொண்டிருந்தது. முதலில் ஜப்பானுக்குத்தான் ஆள் அனுப்புவதாக இருந்தார்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் கையில் கிடைத்ததும் ஜப்பான் கைவிடப்பட்டது, கிருஷ்ணகிரி வந்தது. உலக வரலாறு சில சமயம் இப்படித்தான் நம்ம ஊர்ப் பக்கம் திரும்பும்.

ஆரம்பத்தில் பலன் ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். வந்தவர்களும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்த ஏழைகள். பண்ணையாளை நம்பிப் பிழைப்பவன் மதம் மாறினால் வேலை போகும், கடன் கிடைக்காது, சில இடங்களில் கிணற்றுப் பக்கமும் போக முடியாது. ஆகவே அவனுக்குச் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மட்டும் அல்ல. இழந்துபோன உறவுகளுக்குப் பதிலாகக் கிடைத்த உறவு அது.

இந்த நிலையில்தான் பிளேக் வந்தது.

1896-ல் பம்பாயில் இறங்கிய நோய், ரயில் ஏறி 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான். நோய்க் கிருமியை 1894-ல் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். எலியிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலித்தெள்ளுதான் என்று 1898-ல் சிமோன் சொன்னார். ஆனால் டாக்டர்களே அதை உடனே நம்பவில்லை. ஹாப்கின் செய்த தடுப்பூசி இருந்தது; ஜனங்களுக்கு ஊசி என்றால் பயம். சென்னை அரசாங்கம் "பிளேக் பாஸ்போர்ட்" என்று ஒரு சீட்டு கொடுத்தது. நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவன் அந்தச் சீட்டோடு பத்து நாள் தினமும் அதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். எல்லைப் பக்கத்து ஜனங்களுக்கு, பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊரும் சந்தைக்குப் போகும் ஊரும் அந்தப் பக்கம் இருக்கும்போது, இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு வயல்வெளியில் குடிசை போடுவார்கள். நோயாளியை முகாமுக்கு இழுத்துப் போவார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தவர்களும் உண்டு. பிணத்தைத் தூக்க நாலு பேர் சேராத நாட்கள் அவை. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் எழுந்தது. ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த துணையைத் தேடினார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

நேத்தர் ஊரை விட்டுப் போகவில்லை. 1904-ல் பிளேக் அவரையே கொண்டுபோயிற்று. கிருஷ்ணகிரிக்கு வந்து ஒன்பது வருஷம். வயது நாற்பதை எட்டவில்லை.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். 1527-ல் ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது, சாவுக்குப் பயந்து ஓடலாமா என்று மார்ட்டின் லுத்தரிடம் கேட்டார்கள். அவர் ஒரு சிறு நூலே எழுதிப் பதில் சொன்னார். ஓடுவது பாவம் என்று அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. போதகர், ஊர் அதிகாரி, நோயாளியைப் பார்க்க வேறு ஆள் இல்லாத நிலையில் உள்ள அண்டைவீட்டான், இவர்கள் போகக்கூடாது. மற்றவர்கள் போகலாம் என்றார். அதோடு நிற்கவில்லை. மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, உன்னைத் தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயை வாங்கிப் பரப்பாதே என்றும் எழுதினார். 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று மருந்தை ஒதுக்குகிறவர்களை அவர் கடுமையாகவே கண்டித்தார். நேத்தருக்குப் பின்னால் இந்த மரபு இருந்தது. விசுவாசமும் வைத்தியமும் சண்டை போட வேண்டியதில்லை என்பதை ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்பது, நாம் 2020-ல் கேட்ட சில பேச்சுக்களை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, மிஷனெரி செத்துவிட்டார். சபை என்ன ஆயிற்று? அதுதான் என் கேள்வி. ஒருவருடைய தியாகத்தைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். புத்தகங்களிலும் வெள்ளைக்காரர் பெயர்கள்தான் நிற்கின்றன. ஆனால் பஞ்சம், நோய் என்று வந்தால் ஒரு சபையைத் தினசரி நடத்தியவர்கள் உபதேசியாரும், பள்ளிக்கூட வாத்தியாரும், அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். தமிழ்நாட்டுச் சபைகளின் வழக்கங்களைப் பாருங்கள். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது சபைக்குப் போகும். (மிசோரம் சபைகளில் 1910 முதல் இதே வழக்கம் பெரிய அளவில் நடக்கிறது.) திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விழா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட்டும் ஜெபமும். இவையெல்லாம் சாதாரண நாளில் சடங்கு மாதிரி தெரியும். கஷ்டம் வந்த அன்றைக்குத்தான் அந்த அரிசிப் பானையின் அர்த்தம் புரியும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது யாரும் போய்ச் சொல்லாமலே சபைக்குத் தெரிந்துவிடும். அரசாங்கத்தின் நிவாரண முகாமுக்கு அது தெரியாது.

அடுத்த சோதனை பத்து வருஷத்தில் வந்தது. 1914-ல் முதல் உலகப் போர். ஜெர்மன் பிரஜைகள் எல்லோரும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரிகள். மிஷனெரிகள் பலர் அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1915, 1916-ல் கோல்கொண்டா என்ற கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிசூரி மிஷனிலும் பெரும்பாலோர் ஜெர்மன் பிரஜைகள்தான். அமெரிக்கப் பிரஜைகளான ஒரு சிலர் மட்டும் மிஞ்சினார்கள். கிருஷ்ணகிரி, ஆம்பூர், பர்கூர் என்று பரவியிருந்த சபைகளையும் பள்ளிகளையும் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆட்கள்தான் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு 1918-ல் இன்ஃபுளுயன்சா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு.

ஆனால் விளைவு என்ன? சபைகள் கலைந்து போகவில்லை. லைப்சிக் மிஷன் நட்ட சபை 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன் காலில் எழுந்து நின்றது. அதே வருஷம் ஜூலையில் சோட்டாநாகபுரியின் கோஸ்னர் சபையும் சுயாதீனம் அறிவித்தது. அப்பா வெளியூர் போன சமயத்தில் பிள்ளைகள் வீட்டை நடத்தப் பழகிவிட்ட மாதிரி! மிசூரி சபைகள் கொஞ்சம் தாமதமாக, 1958-ல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின. வழியில் ஆம்பூரில் பெதஸ்தா ஆஸ்பத்திரி எழுந்தது. கொள்ளைநோயில் போதகரை இழந்த மிஷன் ஆஸ்பத்திரி கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது வரலாறு ஆகாது. இந்த ஐக்கியத்துக்குள் ஓட்டைகளும் இருந்தன. ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பதா என்பதிலேயே சாதிச் சண்டை போட்ட சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. செத்த பிறகும் சுவர் எழுப்பிப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் உண்டு. பஞ்சத்தில் சேர்ந்தவர்களை 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று ஊர் கேலி செய்தது. அந்தக் கேலிக்கு நல்ல பதில் சொன்னவர் ஓங்கோலில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனெரி கிளவ். பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் காண்டிராக்டை எடுத்துப் பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். நிவாரணம் நடந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். பஞ்சம் தணிந்தபின் 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் வந்து பெற்றார்கள். கஞ்சிக்காக மட்டும் வந்தவர்கள் கஞ்சி நின்ற பிறகு ஏன் வரவேண்டும்?

நம் காலத்துக்கு வருவோம். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. நம் கல்லூரி நண்பர்கள் எத்தனை பேர் அங்கே போனோம்! நாகர்கோவில்காரன், திருநெல்வேலிக்காரன், கோலார்க்காரன் எல்லாரும் ஒரே லைன் வீட்டில். ஷிப்ட் முடிந்து வந்து யாரோ ஒருத்தர் ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தால் அதுதான் ஜெபக்கூட்டம். ஊரில் அப்பா தவறிவிட்டார் என்று போன் வந்தால் பஸ் செலவுக்குப் பணம் அந்தப் பாயிலேயே சேரும். லே-ஆஃப் காலத்தில் வாடகை கொடுக்க முடியாதவனுக்கும் அந்தப் பாய்தான் கதவைத் தட்டும் இடம்.

2020 வந்தது. வாசல் பூட்டிய கோயில்கள், மசூதிகள், சர்ச்சுகள். அந்த ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து ஆம்புலன்சை அடித்து நொறுக்கியது. நண்பரான இன்னொரு டாக்டர் ராத்திரியில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை வேலங்காட்டில் புதைத்தார். பிணம் தூக்க நாலு பேர் சேராத 1904-க்கும் இதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. பயம் மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் தன் கல்லறைத் தோட்டங்களில் இடம் தர முன்வந்தது. நடிகர் விஜயகாந்த் தன் கல்லூரி நிலத்தில் இடம் தருகிறேன் என்றார். அவருடைய மனைவி சட்டப்போராட்டம் நடத்தி, கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடலை மாற்றலாம் என்று 2021-ல் உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். கணவர் தன் சனங்களோடு அடங்க வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மா கேட்டது.

நம் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். சபைகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு எழுதுவது வழக்கம். கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் வட்டாரத்துப் பழைய சபைகளில் அனுமதி கேட்டு அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 1898 முதல் 1904 வரை ஒரு தடவை, 1918 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு தடவை. செத்தவர் பெயர், வயது, ஊர் இருக்கும். அடக்கம் நடத்தியவர் கையெழுத்தும் இருக்கும். நேத்தருக்குப் பின்னால் அந்தக் கையெழுத்தைப் போட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்தால், அடுத்த மலருக்கு நல்ல கட்டுரை தயார்.