கொடையும் காவலும்: அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆராய்ச்சி அறக்கட்டளைகளும் அவற்றின் தேசியச் சங்கமும்

முன்னுரை

யுத்தகளத்தில் அங்கம் இழந்தும் ஆரோக்கியம் குன்றியும் வீடு திரும்பும் வீரனுக்குச் சிகிச்சை அளிப்பது ராஜ்யத்தின் கடமை என்பதை எந்த நாட்டினரும் மறுப்பதில்லை. ஆயினும், அவனுடைய நோயின் மூலத்தை ஆராய்வதும் அக்கடமையில் அடங்குமா, அடங்குமாயின் அதற்கு வேண்டிய பொருள் முழுவதையும் சர்க்கார் பொக்கிஷமே தர வேண்டுமா, பிறர் தருவதையும் ஏற்கலாமா, ஏற்றால் அப்பொருளுக்குக் காவல் யார் என்னும் கேள்விகளுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. அவ்விடை 1988ஆம் ஆண்டில் ஒரு சட்டமாக உருப்பெற்றது. அச்சட்டத்தின் வழியே தோன்றிய அறக்கட்டளைகள் 1992இல் ஒன்றுகூடிப் படைவீரர் ஆராய்ச்சி கல்வி அறக்கட்டளைகளின் தேசியச் சங்கத்தை நிறுவின. பொருட்குறையே இவ்வமைப்புக்களைத் தோற்றுவித்தது என்பது பாதி உண்மையே ஆகும். பொதுமக்களின் நம்பிக்கை குலையாத வண்ணம் வெளியார் பொருளைப் பொதுப் பணிக்குச் செலுத்தும் முறையைத் தேடியதே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகலிடத்திலிருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு

உள்நாட்டுப் போர் முடிவுறும் தறுவாயில், 1865 மார்ச் 3ஆம் நாள், தம் இரண்டாம் பதவியேற்புக்கு முந்திய தினத்தில், ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கன், ஊனமுற்ற தொண்டர் படையினருக்குத் தேசியப் புகலிடம் அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன்படி மெயின் மாநிலத்து டோகஸ் என்னும் இடத்தில் 1866இல் முதல் இல்லம் திறக்கப்பட்டது. உண்ண உணவும் உறங்க இடமும் தருவதே அக்காலத்து இலட்சியமாக இருந்தது; நோயை ஆராயும் எண்ணம் அதில் இடம்பெறவில்லை. பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்த படைவீரர் நலப் பணிகளை 1930இல் படைவீரர் நிர்வாகம் என்னும் ஒரே ஸ்தாபனத்தின்கீழ்த் தொகுத்த பின்னரும், அம்மருத்துவமனைகள் மருத்துவக் கல்வியின் பெரும்போக்கிலிருந்து ஒதுங்கியே நின்றன.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலக யுத்தமாகும். லட்சக்கணக்கான வீரர்கள் ஒருசேரத் திரும்பி வரவே, 1945இல் அந்நிர்வாகத்தின் தலைமையை ஏற்ற தளபதி ஓமர் பிராட்லியும், அவருக்குத் துணை நின்ற மருத்துவர்கள் பால் ஹாலி, பால் மாக்னூசன் ஆகியோரும், சிறந்த வைத்தியர்களை ஈர்க்க வேண்டுமாயின் மருத்துவமனைகளைச் சர்வகலாசாலைகளோடு பிணைத்தாக வேண்டும் எனத் துணிந்தனர். 1946 ஜனவரித் தொடக்கத்தில் வந்த சட்டம் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. அம்மாத இறுதியில் வெளியான இரண்டாம் கொள்கைக் குறிப்பு, மருத்துவக் கல்லூரிகளோடு உறவு பூணும் நெறியை வகுத்தது. கற்பிப்போர் வந்த இடத்துக்கு ஆராய்ச்சியும் உடன் வந்தது. அதே ஆண்டில், தரைப்படை, கடற்படை மருத்துவமனைகளும் உடன் சேர, க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்பதைப் பல மருத்துவமனைகளில் ஒரே முறைப்படி சோதிக்கும் கூட்டு ஆராய்ச்சி தொடங்கியது.

இந்த மரபிலிருந்து விளைந்த பயன் பெரிது. நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் மருத்துவமனையில், துப்புரவுத் தொழிலாளரின் சாமான் அறையொன்றை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு பணி தொடங்கிய ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, இரத்தத்தில் மிகச் சொற்பமாக உள்ள ஹார்மோன்களையும் கதிரியக்கத்தின் துணையால் அளந்தறியும் முறையைக் கண்டார். பெர்சன் 1972இல் காலமாகிவிட, 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசு யாலோவைச் சேர்ந்தது; அதே ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் படைவீரர் மருத்துவமனையின் ஆண்ட்ரூ ஷாலியும் அப்பரிசில் பங்கு பெற்றார். வாஷிங்டனில் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமை தாங்கிய கூட்டு ஆராய்ச்சியில், கடுமையான இரத்த அழுத்தம் கொண்ட 143 வீரர்கள், தாம் விழுங்குவது மருந்தா வெறும் மாத்திரையா என்பதை அறியாமலே சோதனைக்கு உடன்பட்டனர். மருந்து உண்டோர் பிழைத்ததும் உண்ணாதோர் நலிந்ததும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தமையால், 1967இல் அதன் முடிவு வெளியாயிற்று. இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுப்பது உயிர் காக்கும் என்று இன்று உலகமெங்கும் மருத்துவர்கள் கொண்டிருக்கும் உறுதிக்கு அது பெரிய ஆதாரமாயிற்று.

பொருள் வந்த வழியும் அதன் இடர்களும்

காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கிய தொகை இவ்வாராய்ச்சிகளுக்கு அடித்தளமாக இருந்தது. ஆனால் ஆராய்ச்சி வளர வளர, தேசியச் சுகாதார நிலையங்களின் மானியங்களும், மருந்து உற்பத்திச் சாலைகள் சோதனைகளுக்காகத் தர முன்வந்த பொருளும், நோய் ஒழிப்புச் சங்கங்களின் கொடைகளும் கதவைத் தட்டின. அவற்றை ஏற்பதற்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, கொடைகளுக்கென அமைந்த சர்க்கார் நிதியில் சேர்ப்பது. அவ்வாறு சேர்த்த பணத்தை ஒரு கருவி வாங்கவோ ஓர் உதவியாளரை நியமிக்கவோ பயன்படுத்த வேண்டுமாயின், சர்க்காரின் கொள்முதல், நியமன விதிகள் அனைத்தையும் கடந்தாக வேண்டும். மற்றொன்று, உறவு பூண்ட சர்வகலாசாலையிடம் ஒப்படைப்பது. அப்பொழுது நோயாளி ஓரிடத்திலும் கணக்கு வேறிடத்திலுமாக அமைந்து, நிர்வாகச் செலவுக்கென ஒதுங்கும் பங்கும் மருத்துவமனைக்குப் பயன்படாது போயிற்று. நீர் வரத்து இருந்தும், அதை ஏரியில் தேக்கவும் அளந்து வயலுக்கு விடவும் மதகு இல்லாத ஊரின் நிலையை இது ஒத்திருந்தது.

1988ஆம் ஆண்டுச் சட்டம்

இக்குறையை நீக்க வந்தது 1988 மே 20ஆம் நாள் நிறைவேறிய படைவீரர் நன்மைகள், சேவைகள் சட்டமாகும். ஒவ்வொரு படைவீரர் மருத்துவமனையும் தன் ஆராய்ச்சிக்குத் துணையாக, லாபங் கருதாத கழகம் ஒன்றை மாநிலச் சட்டப்படி அமைத்துக்கொள்ள அது அனுமதி தந்தது. சட்டம் அதைக் கழகம் என்றே குறித்தாலும் வழக்கில் அறக்கட்டளை என்னும் பெயரே பெரிதும் நிலைத்தது. சான் பிரான்சிஸ்கோ, பாலோ ஆல்டோ, சான் டியேகோ, சியாட்டில், பாஸ்டன், அட்லாண்டா முதலிய நகரங்களில் இத்தகைய அமைப்புக்கள் எழுந்தன.

சட்டம் கொடையை அனுமதித்ததைக் காட்டிலும், அதற்கு வகுத்த காவலே ஆராய்ச்சியாளனின் கவனத்துக்கு உரியது. அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் மருத்துவமனையின் இயக்குநரும், தலைமை மருத்துவரும், ஆராய்ச்சிப் பொறுப்பாளரும் பதவி வழியாக அமர்வர். அவர்களோடு, சர்க்கார் உத்தியோகத்தில் இல்லாத இருவரேனும் அங்கம் வகித்தாக வேண்டும். அறக்கட்டளை பொருளுதவி செய்யும் ஆராய்ச்சி எதுவாயினும், அது மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழுவின் பரிசீலனையில் தேறிய பின்னரே தொடங்கலாம். ஆண்டறிக்கையும் கணக்குத் தணிக்கையும் கட்டாயமாயின. கொடுப்பவன் விரும்பும் முடிவைப் பொருள் வாங்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இவ்விதிகள் அனைத்திலும் ஊடுருவி நிற்கிறது.

சங்கத்தின் தோற்றமும் தொண்டும்

சட்டம் ஒன்றாயினும் அறக்கட்டளைகள் பலவாயின. சிலவே பெரியவை, பலவோ ஒரு நிர்வாகியும் ஓரிரு எழுத்தர்களும் கொண்ட சிறு அமைப்புக்கள். மத்தியச் சட்டத்துக்கும் மாநிலச் சட்டத்துக்கும் வருமான வரி விதிகளுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டு, மானியம் கொடுப்போர் கேட்கும் கணக்கையும் சர்க்கார் கேட்கும் கணக்கையும் தனித்தனியே எழுத வேண்டிய சுமை அவற்றின்மேல் விழுந்தது. ஓர் ஊரில் கற்ற பாடம் மற்றோர் ஊருக்குப் பயன்பட வேண்டுமாயின், அதைக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டுமன்றோ? அத்தேவையே 1992இல் தேசியச் சங்கத்தைத் தோற்றுவித்தது.

இச்சங்கம் ஆராய்ச்சி செய்வதில்லை, மருத்துவமனை நடத்துவதுமில்லை. அறக்கட்டளை நிர்வாகிகளை ஆண்டுதோறும் மாநாட்டில் கூட்டுவது, கணக்கியலிலும் மானிய நிர்வாகத்திலும் பயிற்சி அளிப்பது, ஐயங்களைப் படைவீரர் துறையின் (முன்னைய படைவீரர் நிர்வாகத்தின்) அதிகாரிகளோடு பேசித் தெளிவது, காங்கிரஸின் முன்னிலையில் ஆராய்ச்சி நிதிக்காகவும் சட்டத் திருத்தங்களுக்காகவும் வாதிடுவது ஆகியவையே அதன் தொண்டுகள். 1999இன் இறுதியில் வந்த சட்டம், ஆராய்ச்சியோடு கல்விப் பணியையும் அறக்கட்டளைகளின் எல்லைக்குள் கொண்டுவந்து, அவற்றின் களத்தை விரிவாக்கியது.

சோதனையும் சீர்திருத்தமும்

வளர்ச்சியோடு ஐயமும் வளர்ந்தது. 2008இல் படைவீரர் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம், அறக்கட்டளைகளின்மீது துறை செலுத்திய மேற்பார்வை போதாது என அறிக்கை வெளியிட்டது. இக்கண்டனத்தைப் பகையாகக் கருதுவது பேதைமையாகும். பொதுப் பெயரால் பொருள் பெறும் எவரும் பொதுக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவரே. 2010 மே மாதத்துச் சட்டம் இரு திசையிலும் முறைமையை உறுதிப்படுத்தியது. ஒரே அறக்கட்டளை பல மருத்துவமனைகளுக்கு உதவலாம் என அனுமதித்ததனால், சிறியவை பெரியவற்றோடு இணைந்து திறமையான நிர்வாகத்தைப் பெற வழி பிறந்தது. முன்பே கட்டாயமாயிருந்த தணிக்கைக்கு வரம்பு வகுத்து, ஓராண்டில் 5,00,000 டாலருக்கு மேல் வருவாய் உள்ளவை அவ்வாண்டுக் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்றும் அது விதித்தது. சிறு அமைப்புக்களின் இயலாமையை அறிந்து உரிமை விரிந்ததும், அவ்வுரிமையோடு பொறுப்பின் வரம்பு வகுக்கப்பட்டதும் ஒரே சட்டத்தில் நிகழ்ந்தமை இவ்வரலாற்றின் இயல்பை நன்கு விளக்குகிறது.

முடிவுரை

புகலிடம், மருத்துவமனை, ஆராய்ச்சிக் கூடம், அறக்கட்டளை, சங்கம் என்ற இவ்வைந்து படிகளிலும் நம்பிக்கைக்கு உரியவராதல் என்ற ஒரே பிரயத்தனத்தைக் காண்கிறோம். ஃபிரைஸின் ஆராய்ச்சிக்கு உடன்பட்ட 143 பேரை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். நாட்டுக்காக ஒருமுறை உடலைப் பணயம் வைத்தவர்கள், நாளை எவரோ பிழைக்க வேண்டும் என்பதற்காக மறுமுறையும் அதைத் தந்தார்கள். பொருள் தருவோரின் கொடைக்கு ரசீது உண்டு. இவர்களது கொடைக்கு ரசீது இல்லை. அதற்கு ஈடாக ஓர் அறக்கட்டளை செய்யக்கூடியது, அவர்கள் பெயரால் வந்த ஒவ்வொரு காசும் அவர்கள் உடன்பட்ட காரியத்துக்கே செலவாயிற்று என்று கணக்கில் காட்டுவதாகும். அக்கணக்கைப் பிழையின்றி எழுதக் கற்பிக்கும் சங்கத்தின் பணி வெளிப்பார்வைக்கு உலர்ந்த அலுவலகக் காரியமாகத் தோன்றினும், அந்த ரசீதில்லாக் கொடைக்குச் செய்யும் கைம்மாறு அதுவே.